ஸ்டென்ட் வைத்த நைனா, ரிஹாப் என்றாலே முறைக்கிறார். ராணுவ வீடுகளில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

பரதராமி மாந்தோப்பு:
வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 61 வயது. ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 28 வருடம் இருந்து நாயிப் சுபேதாராகப் பென்ஷன் வந்தவர். அப்புறமும் சும்மா உட்காரவில்லை, சித்தூரில் ஒரு வங்கியில் துப்பாக்கி வைத்த செக்யூரிட்டி வேலை. போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் மார்வலி. வாயுப்பிடிப்பு என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தவரைப் பார்த்துப் பெட்டிக்கடைக்காரர்தான் எனக்குப் போன் போட்டார். இதயக் குழாயின் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் இரண்டு வைத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

டிஸ்சார்ஜ் தாளில் கடைசி வரியில் 'கார்டியாக் ரிஹாபிலிடேஷன் அறிவுறுத்தப்படுகிறது' என்று இருக்கிறது. அது என்ன, எங்கே, எத்தனை நாள் என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானாக விசாரித்ததில், அது இதயம் தேறுவதற்கான மேற்பார்வைப் பயிற்சி, வாரம் 3 நாள், 12 வாரம், வேலூருக்குப் போய் வர வேண்டும் என்று தெரிந்தது. நைனாவிடம் சொன்னேன். "சியாச்சின்ல நடந்தவனுக்கு வேலூர்ல ஒரு பொண்ணு நடக்கக் கத்துக்குடுக்கப் போறாளா?" என்று கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இப்போது நிலைமை இதுதான். ஒன்று, நாள் முழுக்கத் திண்ணையில் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இல்லையென்றால், நாங்கள் அசந்த நேரம் யூரியா மூட்டையைத் தோளில் ஏற்றுகிறார். அது 45 கிலோ. நடுவில் ஒன்றும் கிடையாது. பீடியை விட்டுவிட்டேன் என்கிறார், மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனால் வாசனை வேறு சொல்கிறது. அம்மா அழுதாகிவிட்டது, நான் கத்தியாகிவிட்டது. என்ன செய்வது?

காட்பாடி கிராசிங்:
தம்பி, அடைப்பைத்தான் எடுத்தாகிவிட்டதே, இனி எதற்கு 12 வாரம்? என் சின்னமாமா ஸ்டென்ட் வைத்து 9 வருடம் ஆகிறது. காலையில் கோட்டை மைதானத்தில் 4 சுற்று, வேளைக்கு மாத்திரை, அவ்வளவுதான். ட்ரெட்மில்லில் நடக்கக் காசு கொடுப்பது எல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் வியாபாரம். மனிதனை நிம்மதியாக விடுங்கள்.

நீலக்கோட்டு:
நான் இதய ரிஹாபில் பிசியோவாக இருக்கிறேன், வேலூர் பக்கம்தான். நைனா சொன்ன 'வேலூர்ப் பொண்ணு' கிட்டத்தட்ட நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி அண்ணா, உங்கள் மாமா நன்றாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் ஸ்டென்ட் சரிசெய்வது குழாயில் ஒரு இடத்தை. அந்த அடைப்பை உண்டாக்கிய பீடி, சர்க்கரை, கொழுப்பு, பிபி எல்லாம் டிஸ்சார்ஜ் ஆகி அதே ஆட்டோவில் கூடவே வீட்டுக்கு வருகின்றன. உடற்பயிற்சியோடு கூடிய ரிஹாப் பற்றி உலகம் முழுக்க நடந்த 85 ஆய்வுகளை, 23,000 பேருக்கும் மேல், ஒன்றாகச் சேர்த்து 2021-இல் கணக்குப் பார்த்தார்கள். இதயநோயால் இறப்பது ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. மறுபடி ஆஸ்பத்திரியில் படுப்பதும் குறைந்தது. மாத்திரையில் இப்படி ஒன்று கிடைத்தால் க்யூவில் நிற்போம்.

மாந்தோப்பு, உங்கள் நைனாவிடம் எனக்குப் பயம் திண்ணையைப் பார்த்து இல்லை, யூரியா மூட்டையைப் பார்த்துத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் அந்த நொடியில் பிபி எகிறும். அட்டாக் வந்து ஒரு மாதம் ஆன இதயத்துக்கு அது வேண்டாத வேலை. ராணுவத்தில் இருந்தவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன், நடக்கச் சொன்னால் ஓடுவார்கள். ரிஹாபில் பாதி வேலை அவர்களை மெதுவாக்குவதுதான். முதல் 5, 10 நிமிடம் உடம்பைச் சூடேற்றுவது, அப்புறம் அளவாக நடையோ சைக்கிளோ, கடைசியில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலைசுற்றும், அதனால்தான்.

இன்னொன்று, அவருக்கு மெட்டோப்ரொலால் மாதிரி மாத்திரை கொடுத்திருப்பார்கள். அது நாடித்துடிப்பை ஏறவிடாது. பழைய ஞாபகத்தில் கையைப் பிடித்துப் பார்த்து 'துடிப்பு ஏறவே இல்லை, இன்னும் வேகமாப் போகலாம்' என்று நினைத்தால் ஏமாந்துபோவார். நாங்கள் 6 முதல் 20 வரை உள்ள போர்க் அளவைக் காட்டி 'எவ்வளவு சிரமம்' என்று கேட்போம். 11 முதல் 13 வரை இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். வீட்டில் சொல்ல வேண்டுமென்றால், பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும்.

முன்னாள் ஹவில்தார்:
நான் கம்மவான்பேட்டைப் பக்கம். 22 வருடம் சர்வீஸ். 2019-இல் பைபாஸ். தம்பி எழுதியதைப் படித்ததும் என் வீட்டுக்குள் கேமரா வைத்த மாதிரி இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் நைனா அடம் பிடிக்கவில்லை. பயப்படுகிறார். எதற்கு என்று சொல்கிறேன்.

பட்டாளத்தில் உடம்பு முடியவில்லை என்றால் 'சிக் ரிப்போர்ட்' போக வேண்டும். காலையில் எல்லாரும் பி.டி.க்கு ஃபால் இன் ஆகும்போது நீ மட்டும் எம்.ஐ. ரூம் என்கிற மருத்துவ அறை வாசலில் நிற்பாய். போகிற வருகிறவன் எல்லாம் 'காம்சோர்', வேலைக்கள்ளன், என்பான். நிஜமாகவே கால் வீங்கியிருந்தாலும் அதே பேர்தான். அதற்கு மேல் கேட்டகரி, அதாவது உடல்தகுதித் தரம். ஷேப்-1 என்றால் முழு ஃபிட். அதிலிருந்து இறக்கி 'லோ மெடிக்கல்' போட்டுவிட்டால் கோர்ஸ் போச்சு, ப்ரமோஷன் போச்சு, கூட இருந்தவன் தோளில் பட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதனால் 20, 25 வருடம் நாங்கள் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? வலியை மறைப்பது. முழங்கால் வலியை மறைத்து 5 கிலோமீட்டர் டெஸ்ட் ஓடியிருக்கிறேன். பெருங்காயத்தைக் குடித்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினாரே உங்கள் நைனா, அது இந்தப் படிப்புதான்.

ரிஹாப் என்றதும் அவர் காதில் 'லோ மெடிக்கல்' என்றுதான் விழுகிறது. பென்ஷன் வந்தவனுக்குக் கேட்டகரி கிடையாது, பென்ஷனில் ஒரு பைசா குறையாது என்று மூளைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாதே.

நான் 4 மாதம் போகவில்லை. என் வீட்டம்மா சொன்னார், மகள் சொன்னாள், டாக்டர் சொன்னார். கடைசியில் கேண்டீன் வரிசையில் பார்த்த ஒரு சுபேதார் சாப், சட்டைப் பட்டனைக் கழற்றித் தன் நெஞ்சுத் தழும்பைக் காட்டி, "நான் போறேன், நீயும் வா. நாளைக்கு ஏழு மணி" என்றார். அவ்வளவுதான், போனேன். கேள்வியே கேட்கவில்லை. அது ஆர்டர் மாதிரி இருந்தது.

வீட்டில் 'நோய்', 'ஜாக்கிரதை', 'வயசாச்சு' என்ற வார்த்தைகளை ஒரு வாரம் எடுக்காதீர்கள். நைனாவின் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் பேசுகிறேன். பீடி விஷயம் நான் கேட்கமாட்டேன், அது அவரே சொல்வார்.

காட்பாடி கிராசிங்:
ஹவில்தார் சார் சொன்னது புதுசு. என் சின்னமாமா ரயில்வே, பட்டாளம் இல்லை. சரி, வேடிக்கை பார்க்கிறேன். காசு விஷயத்தை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

முன்னாள் ஹவில்தார்:
முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம் இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரலில் வந்தது. கார்டை வைத்து மாதா மாதம் மாத்திரை வாங்கப் பாலிகிளினிக் போகிறோம் இல்லையா, அங்கேயே டிஸ்சார்ஜ் தாளின் அந்தக் கடைசி வரியைக் காட்டி ரெஃபரல் கேட்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை தடவை என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை கவுண்டரில் செல்லாது. ரெஃபரல் தாளில் தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். நான் ஒருதடவை பார்க்காமல் போய்த் திரும்பி வந்தேன், அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கே ஒரு ஸ்டென்ட் தேவைப்பட்டிருக்கும்.

சித்தூர் மருமகள்:
மாமனார் ஏர்ஃபோர்ஸ், ஹார்ட் ஃபெயிலியர். நாங்கள் சித்தூர் டவுன். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, சமையலறையில் இரண்டும். பிரச்சினையும் அங்கேதான்.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். 'நாங்க கம்மியாத்தான் போடறோம்' என்று அத்தை சாதித்தார். நான் ஒரு வேலை செய்தேன். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதினேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் 22-ஆம் நாள் தீர்ந்தது. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். இதில் ஆவக்காய், கோங்குரா ஊறுகாய், ஞாயிற்றுக்கிழமைக் கருவாடு எதுவும் சேரவில்லை. அத்தை பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த பாக்கெட் 35 நாள் வந்தது.

ராகி சங்கடிக்கு (களிக்கு) ஊறுகாய் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வேர்க்கடலையை வறுத்து, பச்சைமிளகாய், புளி, பூண்டு வைத்து அரைத்துப் பாருங்கள். காரமும் புளிப்பும் தூக்கலாக இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்குச் சட்டென்று தெரியாது.

மாமனார் தினமும் காலையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறார். 3 நாளில் 2 கிலோ ஏறினால் உடனே டாக்டருக்குப் போன். அது சதை இல்லை, தண்ணீர். அவருக்கு இந்த எழுதுகிற வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. லாக் புக் என்கிறார். ஆனால் ரிஹாபுக்கு மட்டும் இன்னும் வரமாட்டேன் என்கிறார், அதனால்தான் இந்த இழையை விடாமல் படிக்கிறேன்.

ராத்திரி டியூட்டி:
குடியாத்தத்துக்காரி. இப்போது அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் இதயப் பிரிவில் நர்ஸ். எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இந்த வருடமும் வர முடியவில்லை, அந்த ஏக்கத்தில் இங்கே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறைப்பு நம் ஊர் நைனாக்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. 2013, 2014 கணக்கு ஒன்று உண்டு. அட்டாக், ஸ்டென்ட், பைபாஸ் ஆகி ரிஹாபுக்குத் தகுதியான அமெரிக்க முன்னாள் வீரர்களில் போனவர்கள் 10.3 சதவீதம். முதியோர் காப்பீட்டில் இருக்கும் பொதுமக்களிலேயே 16.3 தான். பத்தில் ஒன்பது வீரர்கள் போகவில்லை! தூரம் ஒரு காரணம். ஆஸ்பத்திரி 100 மைல் தள்ளி இருக்கும், வாரம் 3 தடவை யார் போவது?

அதனால் வீட்டிலேயே ரிஹாப் என்று ஆரம்பித்தார்கள். முதலில் வரவழைத்துப் பரிசோதனை, பிறகு வீட்டில் பயிற்சி, குறித்த நேரத்தில் போன், நோட்டில் பதிவு, 12 வாரம். சான்பிரான்சிஸ்கோவில் 1,120 பேரைப் பார்த்ததில் 44 சதவீதம் பேர் இதில் சேர்ந்தார்கள். சராசரியாக 4 வருடம் கவனித்ததில், சேர்ந்தவர்களிடம் இறப்பு 36 சதவீதம் குறைவு. விருப்பப்பட்டு வந்தவர்கள் என்பதால் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை அது.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். 'போக முடிந்தால் போங்க' என்று டாக்டர் சொன்னால் போகமாட்டார்கள். 'திங்கட்கிழமை 9 மணிக்கு உங்க பேர் போட்டிருக்கு' என்றால் வருவார்கள். ஹவில்தார் சாரை இழுத்துப்போன 'நாளைக்கு ஏழு மணி' அதுதான்.

நீலக்கோட்டு:
அக்கா சொன்னது சரி. நம் நாட்டிலும் யோகாவை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 24 ஆஸ்பத்திரி, அட்டாக் வந்த 3,959 பேர், 3 மாதத்தில் 13 வகுப்பு. மொத்தமாகப் பார்த்தால் மறு அட்டாக், இறப்பு இவற்றில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்பியதும், 'நன்றாக இருக்கிறேன்' என்று அவர்களே சொன்னதும் யோகா பிரிவில் கூடுதல். ட்ரெட்மில்லைப் பார்த்தால் ஓடுகிறவர்களுக்கு இந்த வழியும் உண்டு.

பரதராமி மாந்தோப்பு (16 நாள் கழித்து):
போய்விட்டார்!

ஹவில்தார் சார் போன் பண்ணினார். நைனா முதலில் எந்த யூனிட், எந்த வருடம், எங்கே போஸ்டிங் என்று அரை மணி நேரம் விசாரணை. அப்புறம் இந்தி. அப்புறம் சிரிப்பு. அட்டாக்குக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டோம், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். கடைசியில் "ஹாஞ்சி, ஹாஜர் ஹோ ஜாவூங்கா", சரி, வந்து நிற்கிறேன், என்றார். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "புதன்கிழமை வேலூர் போறேன். நீ வர வேண்டாம்" என்றார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன்.

முதல் நாள் ஆறு நிமிட நடை. 30 மீட்டர் வராண்டா, இரண்டு முனையிலும் கூம்பு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ நடக்க வேண்டும், ஓடக்கூடாது. விரலில் ஒரு கிளிப். நைனா ஷூ லேசை இரண்டு தடவை இறுக்கிக் கட்டினார், கையை வீசிக்கொண்டு கிளம்பினார். முதல் மூன்று சுற்று அணிவகுப்பேதான், கூம்பு வந்தால் குதிகாலில் திரும்பல். நாலாவது சுற்றில் உதடு வெளுத்தது. பிசியோ மேடம், "எவ்வளவு கஷ்டமா இருக்கு?" என்று அட்டையை நீட்டினார். நைனா 7-ஐக் காட்டினார். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். சட்டை முதுகு முழுக்க ஈரம்.

அந்த மேடம் கோபப்படவில்லை. "சாப், நீங்க ரெக்ரூட்டுக்கு ட்ரெய்னிங் குடுத்திருப்பீங்க. ஒருத்தன் பொய்யா ரிப்போர்ட் குடுத்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். நைனா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் 15-ஐத் தொட்டார். மொத்தம் 340 மீட்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "உஸ்தாத் கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பவரை அப்படித்தான் சொல்வார்கள்.

முன்னாள் ஹவில்தார்:
உஸ்தாத் என்று சொல்லிவிட்டாரா? இனி கவலை வேண்டாம். எங்களுக்கு மறைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள், உஸ்தாத் பேச்சைத் தட்டாமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள்.

நீலக்கோட்டு:
முழுசா கவலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஹவில்தார் சார். நாலாவது ஐந்தாவது வாரம்தான் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். உடம்பு தேறிவிடும், 'இனி நானே பார்த்துக்கறேன்' என்பார்கள், மாத்திரையிலும் கை வைப்பார்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது, பல் பிடுங்க வேண்டியிருந்தாலும் இதய டாக்டரைக் கேட்காமல் கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும், உட்கார்ந்துகொண்டுதான் போட வேண்டும். நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். அடங்கவில்லை என்றால் 108. பெருங்காயம் சாம்பாருக்கு.

பரதராமி மாந்தோப்பு (மேலும் 5 வாரம் கழித்து):
நீலக்கோட்டு மேடம் சொன்ன மாதிரியே ஐந்தாவது வாரம் இடறியது. வெயில் 40-ஐத் தாண்டிவிட்டது, இரண்டு பஸ் மாறிப் போய் வருவதற்குள் துவண்டுபோகிறார். அதனால் இப்போது வாரம் ஒரு நாள் வேலூர், இரண்டு நாள் வீட்டில், போனில் பிசியோ மேடம் கேட்பார்கள். தோப்புப் பக்கம் விடியற்காலையில் நடக்கலாம் என்றால், ஆந்திரக் காட்டிலிருந்து யானை இறங்குகிறது என்று வனத்துறை ஆள் சொல்லிவிட்டார். இதயத்துக்கு நடக்கப்போய் யானையைப் பார்த்து இதயம் நிற்க வேண்டுமா? மாரியம்மன் கோயிலிலிருந்து பள்ளிக்கூடம் வரை தார்ரோடு, காலை ஆறு மணி. சைக்கிளில் கூடவே போய்ப் பேச்சுக்கொடுப்பது என் வேலை. பதில் சொல்ல மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வங்கி வேலைதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. ரிஹாப் போனால் ஏஜென்சிக்குத் தெரிந்து, ஹார்ட் பேஷன்ட் என்று நிறுத்திவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். ஹவில்தார் சார் சொன்ன கேட்டகரி பயம்தான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. டாக்டர் என்ன சொல்வார் என்று 12 வாரம் முடிந்ததும் பார்ப்போம். மறுபடி எடுத்த ஆறு நிமிட நடையில் 425 மீட்டர். அதை மட்டும் மூன்று பேரிடம் போனில் சொன்னார்.

பீடி? கட்டுக்கணக்கில் இருந்தது இப்போது நாளைக்கு இரண்டு. அவரே சொன்னது. மாட்டுக்கொட்டகையில் சரிபார்த்தேன், உண்மைதான்.

காட்பாடி கிராசிங்:
சின்னமாமாவுக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "நிறுத்தும்போது மெதுவா நிறுத்தணுமா? நான் நாலாவது சுத்து முடிஞ்சதும் பெஞ்சுல தொப்புனு உட்காருவேன், தலை சுத்தும்" என்கிறார். 9 வருடமாக. சரி, ரெஃபரல் எங்கே கேட்பது? அவர் ரயில்வே.

சித்தூர் மருமகள்:
மாந்தோப்பு தம்பி, ஒரு உதவி. மாமனாரின் டாக்டர் ரிஹாபுக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உங்கள் நைனாவைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் வாசித்துக் காட்டியதில் மாமனார், "நாயிப் சுபேதார் 425-ஆ?" என்று ஒருதடவை கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று ஷூவை வெயிலில் காயவைத்திருக்கிறார். நைனா வேலூர் போகிற நாள் எது? பரதராமியில் ஏறினால் ஒன்றாகப் போகலாமே.

பரதராமி மாந்தோப்பு:
வியாழக்கிழமை அக்கா. நைனாவிடம் கேட்டேன். காலை 6.40-க்குக் கோயில் நிறுத்தத்தில் நிற்பாராம். சித்தூரிலிருந்து வரும்போது கடைசி சீட்டில் உட்கார வேண்டாம், தூக்கிப் போடும் என்று சொல்லச் சொன்னார். மாத்திரைச் சீட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்து வர வேண்டுமாம், லேட்டாக வந்தால் பஸ் நிற்காதாம். ஏர்ஃபோர்ஸ்காரர்கள் லேட்டாகத்தான் வருவார்கள் என்றும் சொன்னார், அதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.